பில் போடும்போது கைப்பேசி எண் கேட்கிறார்கள்: கொடுத்தே ஆக வேண்டுமா?

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

வணக்கம். கடந்த வாரம் வியாழக்கிழமை மாலை என் மனைவியின் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்குவதற்காக, பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடைக்குச் சென்றிருந்தேன். எனக்கு முன்னால் கல்லூரியில் படிக்கும் வயதுடைய ஒரு பெண் நின்றிருந்தாள். கவுண்டரில் இருந்தவர் "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்றதும் தணிந்த குரலில் சொன்னாள். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எனவே தட்டச்சு செய்துகொண்டே ஒவ்வோர் இலக்கமாக உரக்கத் திருப்பிச் சொன்னார். பிறகு பெயரைக் கேட்டு அதையும் உரக்கச் சொன்னார். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றோம். அந்தப் பெண்ணின் பெயர், எண், அவள் வாங்கிய மருந்து ஆகிய மூன்றும் அத்தனை பேர் காதிலும் விழுந்தன. எனக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞர் அந்த நேரம் பார்த்துத் தம் கைப்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். வேறு எதற்காகவோ எடுத்திருக்கலாம். ஆனால் அவள் சட்டெனத் திரும்பி அவருடைய கையைப் பார்த்ததை நான் கவனித்தேன். அந்த வயதில் எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள்.

என் முறை வந்தபோது, எண் தர விருப்பமில்லை என்றும் ரொக்கமாகவே பணம் தருகிறேன் என்றும் சொன்னேன். "நம்பர் போடாம பில் வராது சார், சிஸ்டம் எடுக்காது" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 64 ரூபாய் மாத்திரைக்காக வாதாட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். அன்றிரவே இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ அழைத்து, முழங்கால் வலிக்குச் சலுகை விலையில் பரிசோதனை செய்து தருவதாகச் சொன்னார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் 11 ஆண்டுகளாக இந்த எண்ணை வைத்திருக்கிறேன். அதுவரை முழங்காலைப் பற்றி யாரும் என்னை அழைத்ததில்லை.

எண் தந்தால்தான் பில் என்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெல்லைச்சீமை

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நம் எண் இல்லாத இடம் எது? எரிவாயு உருளைக்கு, வங்கிக்கு, ரேஷன் அட்டைக்கு, மின்வாரியத்துக்கு என்று எல்லா இடத்திலும் கொடுத்திருக்கிறோம். ஒரு மருந்துக் கடையில் கொடுக்காமல் இருப்பதால் என்ன காப்பாற்றப்படும்? எனக்கு இதில் பயன்தான் கிடைத்திருக்கிறது. போன ஆண்டு வாங்கிய மிக்ஸி பழுதானபோது பில் தொலைந்துபோயிருந்தது. எண்ணைச் சொன்னவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், உத்தரவாதத்தில் சரிசெய்தும் தந்தார்கள். மறைப்பதற்கு எதுவும் இல்லாதவனுக்கு இதில் பயம் எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

மல்லிப்பந்தல்

அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நான் தனியாக வாடகை வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்பொருள் அங்காடியில் இதேபோல் எண்ணை உரக்கச் சொல்ல நேர்ந்தது. அன்றிரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து என் பெயரைச் சொல்லி "ஹாய்" என்று வந்தது. அடுத்த செய்தி, "இன்னைக்கு பச்சை சுடிதார்ல பார்த்தேன்" என்பது. அந்த எண்ணைத் தடுத்தேன்; வேறு எண்ணிலிருந்து வந்தது. பெயர், எண், முகம் மூன்றும் அவனிடம் இருந்தன. மூன்று வாரங்கள் அலுவலகத்திலிருந்து வேறு வழியில் வீடு திரும்பினேன். இறுதியில் ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்த எண்ணையே மாற்றினேன். வங்கி, ஆதார், வருங்கால வைப்பு நிதி என்று ஒவ்வோர் இடமாகப் போய்த் திருத்தி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஐயா பார்த்த அந்தப் பெண் ஏன் திரும்பிப் பார்த்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் பலர் இதற்காகவே கணவர் எண்ணையோ அப்பா எண்ணையோ சொல்கிறார்கள். எண் கட்டாயம்தான் என்றால், அதை வாடிக்கையாளரே தட்டுவதற்கு ஒரு சிறிய விசைப்பலகையையாவது வைக்கக் கூடாதா?

வைகைவழக்கர் (மதுரை)

காவிரிக்கரை ஐயாவின் கேள்விக்கு நேரடியான பதில்: கொடுக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த சட்டநிலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை விற்பனையாளர்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. பில் போடுவதற்குக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது, எண் தர மறுப்பவருக்குப் பொருளையோ சேவையையோ மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்பதே அதன் சாரம். அறிவுரை என்பது சட்டம் அல்ல என்று கடைக்காரர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். விற்ற பொருளுக்கு பில் கொடுக்காமல் இருப்பது அந்தப் பிரிவின்படியே முறையற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்குக் கொடுப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஐயாவுக்கு வந்த முழங்கால் அழைப்பு உண்மையிலேயே கடையின் பட்டியலிலிருந்து போயிருந்தால், அது இந்த இரண்டாவது வகையில் சேரும்.

"ஜிஎஸ்டிக்கு வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதி பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஜிஎஸ்டியில் பதிவு பெறாத வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும்கூட 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போகும் விற்பனைக்குத்தான் கட்டாயம். கைப்பேசி எண் அந்த வரிசையிலேயே இல்லை.

அடுத்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் இது. ஒருவருடைய சம்மதம் சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும், எந்த நோக்கத்துக்குத் தரப்படுகிறதோ அதற்குத் தேவையான தகவலோடு நிற்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது 7ஆம் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டு. சட்டத்தை எழுதியவர்கள் அங்கே ஒரு மருந்துக் கடையைத்தான் காட்டுகிறார்கள்: ஒரு பெண் மருந்து வாங்குகிறார், தாமாகவே தம் தகவலைத் தந்து ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்கிறார், ரசீது அனுப்பும் அந்த நோக்கத்துக்காகக் கடை அதைப் பயன்படுத்தலாம். தாமாகவே என்ற சொல்லையும் அந்த நோக்கத்துக்காக என்ற சொல்லையும் கவனியுங்கள். ஐயாவின் அனுபவத்தில் இரண்டுமே இல்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சட்டம் நிறைவேறியதற்கும் அது கவுண்டர் வரை வந்து சேர்வதற்கும் இவ்வளவு இடைவெளி இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதுவரை நுகர்வோர் சட்டம்தான் கையில் உள்ள வழி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

பில்கவுண்டர் (திருச்சி)

நான் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண். கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே எல்லாரும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எண் கேட்பது எங்கள் விருப்பம் அல்ல. நாள் முடிவில் சூப்பர்வைசர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்குப் பார்ப்பார். போட்ட பில்களில் எத்தனையில் வாடிக்கையாளர் எண் இருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. அது குறைந்தால் எல்லார் முன்னிலையிலும் கேள்வி வரும். அதனால் தர மறுப்பவர்களுக்கு நாங்கள் பத்து முறை ஒன்பதைத் தட்டுவோம். அதைக் கண்டுபிடித்து மென்பொருளில் தடுத்துவிட்டார்கள். பிறகு சிலர் கையில் தோன்றிய ஏதோ ஓர் எண்ணைத் தட்டத் தொடங்கினார்கள். தீபாவளி நேரத்தில் ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த வேகத்தில் உரக்கக் கேட்டு உரக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி தோன்றாது. மல்லிப்பந்தல் அக்கா எழுதியதைப் படித்த பிறகு, இதுவரை எத்தனை பெண்களின் எண்ணை அப்படிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். இனி எழுதிக் காட்டச் சொல்லப்போகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கவுண்டரில் நிற்பவரிடம் கோபப்படாதீர்கள். எங்களுக்கு உட்கார நாற்காலி வந்ததே 2021 இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய பிறகுதான். நாங்களாகக் கேட்டிருந்தால் வந்திருக்காது. இதுவும் மேலிருந்து மாறினால்தான் மாறும்.

மருந்தாளுநர்-சேலம்

சகோதரி சொல்வது முழுக்க உண்மை. நான் 22 ஆண்டுகளாகச் சொந்தமாக மருந்துக் கடை நடத்துகிறேன். "மருந்துச் சட்டப்படி வேண்டும்" என்றும் சில கடைகளில் சொல்லக்கூடும் என்பதால் அதையும் தெளிவுபடுத்துகிறேன்.

மருந்து விதிகளில் எச்1 அட்டவணை என்று ஒன்று உண்டு. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சில உயர்நிலை நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய சில மருந்துகள் அதில் வரும். அவற்றை விற்கும்போது தனிப் பதிவேட்டில் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இங்கும் கைப்பேசி எண் கேட்கப்படவில்லை. ஐயா வாங்கியது வழக்கமான வலிநிவாரணி என்றால் இந்தப் பதிவேடுகூடத் தேவைப்பட்டிருக்காது.

மருந்துக் கடை பில் மற்றக் கடை பில்லைப் போன்றது அல்ல என்பதுதான் என் கவலை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வலிப்பு, யார் மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறார், யார் கருத்தடை மாத்திரை வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் மனநல மருந்தை வாங்க 14 கிலோமீட்டர் தள்ளி என் கடைக்கு வருவார். உள்ளூரில் தெரிந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்படி வருபவரிடம் பத்து இலக்கத்தைக் கேட்டுக் கணினியில் ஏற்றிவைக்க எனக்குக் கை வராது.

சோழமண்டலம்

இழைக்குத் தொடர்புடைய என் அனுபவத்தையும் பதிகிறேன். என் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களும் ஒன்றே. ராசியான எண் என்று வாங்கியது. திருச்சிச் சகோதரி "தோன்றிய எண்ணைத் தட்டுவோம்" என்றாரே, அப்படித் தோன்றும் எண்களில் என்னுடையதும் ஒன்று போலும். மாதம் ஏழெட்டு பில்கள் யார் யாருடையவையோ எனக்கு வருகின்றன.

அவற்றில் ஒன்று ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியை ஒட்டி வரும். இணைப்பைத் தொட்டால் போதும். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் முழு பில்லும் திறக்கும். வாங்குபவரின் பெயர், கடையின் கிளை, இன்சுலின் பேனா இரண்டு, ஊசிமுனைப் பெட்டி ஒன்று, இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டை 50. கடந்த ஆடி மாதத்திலிருந்து சிறுநீரக மருந்து ஒன்றும் சேர்ந்திருக்கிறது. முன்பின் அறியாத ஒரு மனிதரின் நோய் எப்படி முற்றிக்கொண்டு வருகிறது என்பதை நான் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் எண் தர மறுத்தாரா, கவுண்டரில் இருந்தவர் தவறாகத் தட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. கடையின் சேவை எண்ணை இரண்டு முறை அழைத்தேன். பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த ஐந்தாம் தேதி மறுபடியும் வந்தது.

எனவே பொய்யான எண்ணைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பத்து இலக்கமுள்ள எந்த எண்ணும் பெரும்பாலும் யாரோ ஒருவருடையது. வேண்டாம் என்று சொல்லுங்கள்; பொய் எண் சொல்லாதீர்கள்.

நிரலோலை

நான் ஆறு ஆண்டுகள் பில்லிங் மென்பொருள் உருவாக்கும் நிறுவனத்தில் பணியாற்றியவன். "சிஸ்டம் எடுக்காது" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்வு வரும். ஏனெனில் திரையில் எண்ணை நிரப்பும் பெட்டியின் ஓரத்தில், கட்டாயம் என்று காட்டும் சிவப்பு நட்சத்திரத்தைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அது இயந்திரத்தின் இயல்பு அல்ல. அமைப்புகளுக்குள் போய் ஒரு குறியீட்டை நீக்கினால் எண் இல்லாமலே பில் வரும். அதை நீக்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் கடை முதலாளி. நாங்கள் விற்ற இடங்களில் பெரும்பாலானோர் கட்டாயமாகவே வைக்கச் சொன்னார்கள்.

நெல்லைச்சீமை அண்ணாச்சி, எண் ஏற்கெனவே எல்லா இடத்திலும் இருக்கிறது என்றீர்கள். சிக்கலே அங்குதான் இருக்கிறது. ஒருவர் வீடு மாறுவார், பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றுவார், மின்னஞ்சலை மாற்றுவார்; கைப்பேசி எண்ணை மட்டும் வங்கிக்காகவும் ஆதாருக்காகவும் மாற்றாமல் வைத்திருப்பார். எனவே துணிக்கடையின் பட்டியலையும் மருந்துக் கடையின் பட்டியலையும் ஒன்றாக வைத்து, இந்த மனிதரும் அந்த மனிதரும் ஒருவரே என்று சொல்ல வேண்டுமானால் எண்ணைப் போன்ற எளிய சரடு வேறொன்று இல்லை. வங்கியில் இருப்பது தனி, கடையில் இருப்பது தனி என்றால் கவலை குறைவு. எண் அவற்றைக் கோத்துவிடுகிறது.

"எண்ணைக் குறியாக்கம் செய்துதான் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்புகிறோம், யாருக்கும் தெரியாது" என்று சொல்வார்கள். ஹாஷ் என்று அதற்குப் பெயர்: ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குறியீட்டுச் சரம் வரும்படி கணக்கிடும் முறை. நம் நாட்டுக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும். ஆகவே மொத்தமாகவே 400 கோடி வாய்ப்புகள்தான். அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய சாதாரண மடிக்கணினிக்கு ஒரு பொழுது போதும். வெளியார் எவரும் அப்படிச் செய்யாவிட்டாலும், அதே எண்ணை ஏற்கெனவே வைத்திருக்கும் விளம்பர நிறுவனம் இரண்டு ஹாஷ்களையும் பொருத்திப் பார்த்து ஆளை அறிந்துகொள்ளும். அந்த ஏற்பாடே அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. கைவிடப்பட்ட எண் 90 நாள்கள் கழிந்த பிறகு வேறொருவருக்குத் தரப்படலாம். கடைகளோ பட்டியலை நீக்குவதே இல்லை. மல்லிப்பந்தல் கைவிட்ட எண் இன்று யாரிடமாவது இருந்தால், அவருக்கு மல்லிப்பந்தலின் பழைய கடைச் செய்திகள் போய்க்கொண்டிருக்கும்.

நெல்லைச்சீமை

நிரலோலை தம்பி சொன்ன சரடு என்ற விளக்கம் என்னை யோசிக்க வைத்தது. மல்லிப்பந்தலிடம், என் வாக்கியத்தை எளிதாகச் சொல்லிவிட்டேன் என்பதற்காக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் என் மிக்ஸி விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. உத்தரவாதம் உள்ள பொருளுக்கு எண் தருவது எனக்கு நன்மை. மருந்துக்கும் மளிகைக்கும் தர வேண்டியதில்லை என்பதை ஏற்கிறேன். ஒரு கேள்வி: 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தொல்லை அழைப்புகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் கடைகளின் விளம்பரம் எப்படி வருகிறது?

வைகைவழக்கர் (மதுரை)

1909 பதிவு நீங்கள் சம்மதம் தராத விளம்பரங்களைத்தான் தடுக்கும். கடையில் எண் தரும்போது "சலுகைகளை அனுப்பலாமா" என்று கேட்டு ஓடிபி வாங்கியிருந்தால், அது உங்கள் சம்மதமாகக் கணக்கிடப்பட்டு அந்தத் தடையைத் தாண்டிவிடும். எனவே பில் கவுண்டரில் ஓடிபி கேட்டால், எதற்கான ஓடிபி என்பதைக் குறுஞ்செய்தியில் முழுமையாகப் படித்த பிறகே சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதிகளைத் திருத்திய பிறகு, அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து வருகிறது. விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பரிவர்த்தனை என்றால் டி, அரசு என்றால் ஜி ஆகிய ஆங்கில எழுத்துகள். சம்மதமில்லாத விளம்பரம் வந்தால் ஏழு நாள்களுக்குள் 1909 இல் புகார் செய்யலாம்.

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அதே கடைக்கு மீண்டும் சென்றேன். அதே ஊழியர்தான் இருந்தார். திருச்சிச் சகோதரி கேட்டுக்கொண்டபடி குரலை உயர்த்தாமல், "எண் தருவதாக இல்லை, எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 இலேயே அரசு சொல்லியிருக்கிறது, தாளில் பில் கொடுங்கள் தம்பி" என்றேன். அவர் உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, பத்து முறை பூஜ்யத்தைத் தட்டினார். பில் வந்துவிட்டது. என் பழைய எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டதற்கு, அது தலைமை அலுவலகத்தில்தான் முடியும் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதித் தந்தார். இன்று காலை அதற்கு எழுதியிருக்கிறேன்.

மருந்தாளுநர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். பில்லில் எண் இருக்கும் இடத்தில் இப்போது பூஜ்யங்கள் இருக்கின்றன. பிரிக்காத அட்டையைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், எண் இல்லை என்று மறுப்பார்களா?

மருந்தாளுநர்-சேலம்

மறுப்பதற்குக் காரணம் இல்லை, ஐயா. பில் எண்ணும், அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இருப்பதுமே நாங்கள் பார்ப்பவை. குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்துகளை மட்டும் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்கமாட்டோம். ஒன்றைச் செய்துவிடுங்கள்: அந்த பில் வெப்பத்தில் அச்சாகும் தாள், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.